அக்கா தனியாக நிற்கும் படம்

1

சனிக்கிழமை காலை கண் விழித்ததும் செல்பேசியைத் தொட்டேன். அது நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் இத்தனை பேர் ஒரே காலையில் என்னை நினைத்துக்கொண்டதாக ஞாபகமே இல்லை. முதலில் கைகூப்பிய பொம்மைகள். பிறகு, 'ஆழ்ந்த இரங்கல் நண்பா.' பிறகு, 'மனச தேத்திக்கோ.' அதற்கும் கீழே, பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் ரப்பரைக் கடித்துத் தின்றவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: 'எப்போ எடுக்கறாங்க?'

யாரை என்று நான் கேட்கவில்லை. நைனா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். செஞ்சியில் எனக்கென்று மிச்சம் இருப்பது வசந்தா அக்கா ஒருத்திதான்.

டென்மார்க்கில் மாசி மாதத்துக் காலை ஏழு மணி என்பது இன்னும் இருட்டு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தது. ஊரில் பதினொன்றரை ஆகியிருக்கும். வெயில் பாறைகளில் ஏறத் தொடங்கியிருக்கும். அக்காவை அழைத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றுபோனது. மறுபடி அழைத்தேன். மறுபடியும்.

வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி நேராக வராது. அதற்கு ஒரு முன்னுரை உண்டு. நைனா இறந்தபோது, 'கொஞ்சம் சீரியஸ், கெளம்பி வா' என்றார்கள். விமானம் முழுக்க நான் கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டே வந்தேன். கீழே இறங்கியபோது, எல்லாம் முடிந்துபோன ஒன்றுக்கு நான் விலை கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த முறை முன்னுரைகூட இல்லை. நேராக இரங்கல்.

2

அக்கா ஏன் எடுக்கவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருவண்ணாமலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் அக்கா மாவு மெஷின் வைத்திருக்கிறாள். நைனா வைத்த மெஷின். நான் கிளம்பிப் போனேன், அக்கா கல்யாணம் கட்டவில்லை, மெஷின் அவளோடு நின்றுவிட்டது. அது ஓடும்போது இடி விழுந்தாலும் காதில் விழாது. செல்பேசிக்குள் மாவு போய்விடும் என்று அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்திருப்பாள். மாசி மாதம் வேறு. மிளகாய் அரைக்க வரும் கூட்டம் தெரு முனை வரை நிற்கும். எடுக்காததற்கு இவ்வளவு போதாதா?

போதவில்லை. விரல் அழைத்துக்கொண்டே இருந்தது.

நான் படம் வரையத் தொடங்கியது அந்த மெஷினில்தான். தராசுக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியின் மேல் எப்போதும் மாவு படிந்திருக்கும். அதில் விரலால் மலை வரைவேன். செஞ்சிப் பிள்ளைக்கு மலை என்றால் முக்கோணம் இல்லை. யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன பாறைகள், உருண்டைமேல் உருண்டை. வரைந்து முடித்ததும் அக்கா குனிந்து ஒரே ஊதாக ஊதுவாள். "கோட்டைய புடிச்சிட்டேன், ஓடிப்போ" என்பாள்.

இருந்தது ஒரே மெஷின். அதனால் அரைப்பதற்கு ஒரு வரிசை. காலையில் அரிசி. பிறகு கோதுமை, கேவுறு என்கிற கேழ்வரகு. பிறகு மஞ்சள். மிளகாய் கடைசியில்தான். மாற்றி அரைத்தால் அடுத்த வீட்டுக் கொழுக்கட்டை உறைக்கும். இன்றைக்கும் என் தட்டில் வண்ணங்களை அந்த வரிசையில்தான் பிதுக்குகிறேன்: வெள்ளை, பழுப்பு, மஞ்சள், சிவப்பு. ஏன் இப்படி என்று இங்கே ஓவிய வகுப்பில் ஒரு அம்மாள் கேட்டார். மிளகாய் கடைசியில்தான் என்று சொன்னேன். என் டேனிஷ் மொழியில் எதுவோ பிசகிவிட்டது என்று நினைத்துப் பரிவோடு தலையாட்டினார்.

நான் வரைவதெல்லாம் வீடுதான், வீட்டைச் சுற்றி இருப்பதுதான். இரவு டியூட்டி முடிந்து வந்த மனைவி காலுறையைக் கழற்றுவது, மகள் அருகில் நின்று பல் விளக்குவது. பக்கத்து வீட்டுக் கிழவர் பனி தள்ளுவது, அவருடைய நாய் அதைப் பார்ப்பது. குன்று என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத இந்தத் தட்டை ஊரில், என் ஒவ்வொரு படத்திலும் ஒரு செஞ்சிப் பாறை எங்காவது வந்து உட்கார்ந்துகொள்ளும். சோபாவுக்குப் பின்னால். சைக்கிள் நிறுத்துமிடத்தில். நான் அழைப்பதில்லை, அதுவாக வரும்.

மெஷின் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கும். நைனா ஒன்று, அம்மா ஒன்று. நம் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களுக்குத் தனிப்படம் ஏது? கல்யாணத்தில் கும்பலோடு நிற்பார்கள், அவ்வளவுதான். செத்த பிறகு ஸ்டுடியோக்காரர் அந்தக் கும்பலிலிருந்து ஆளை வெட்டியெடுத்து, சட்டம் போட்டுத் தருவார். நைனாவை என் கல்யாணப் படத்திலிருந்து வெட்டினார்கள். அதில் அவர் தோள்மேல் நான் கை போட்டிருந்தேன். என்னை அழித்தவர் என் விரல்களை அழிக்க முடியாமல் விட்டுவிட்டார். பிளாஸ்டிக் மாலைக்குக் கீழே, சிவப்பு ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில், ஆள் இல்லாத நான்கு விரல்கள் நைனாவின் தோளில் இன்றும் இருக்கின்றன.

3

ஏழுமலை எடுத்தான். பள்ளிக்கூடத்து நண்பன். வீடு சிங்கவரத்தில், கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்.

"மச்சான்," என்றான். "பூக்கடையாண்டதான் நிக்கிறேன். மால கட்டினு இருக்கறான். நீ எப்ப வர? ஃபிளைட்டு கெடச்சிதா?"

"உனக்கு யாருடா சொன்னாங்க?"

"இன்னாடா இப்டி கேக்கற? நீதானடா நைட்டு குரூப்புல போட்ட. காலைல பல்லு வெளக்கசொல்ல பாத்தேன். பிரஷ்ஷு அப்டியே வாயிலயே நின்னுபோச்சி."

"நான் இன்னா போட்டேன்?"

"டேய், அழுவாதடா. நான் இருக்கறேன் இல்ல? எல்லாம் பாத்துக்கறேன்." பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இணைப்பு அறுந்தது.

குரூப்பைத் திறந்தேன். முந்தின நாள் மாலை நான் போட்ட புகைப்படம் மேலே இருந்தது.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஊரின் நூலக அரங்கில் என் படங்களுக்குக் காட்சி. சனிக்கிழமை மதியம் திறப்பு. வெள்ளி மாலை எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். நடுச்சுவரில் பெரிய படம், அக்கா. மெஷினில் மாவு கொட்டும் வாயில் கட்டியிருக்கும் துணியை அவள் உதறும் நொடி. கண்ணில் மாவு விழாமல் இருக்க அப்போது இமைகளை மூடிக்கொள்வாள். முகம், புருவம், தலைமுடி எல்லாம் வெள்ளை. நாளெல்லாம் ஓடுகிறவள் தனக்குள் போய் நிற்கும் ஒரே கணம் அது. பின்னால் யாரும் இல்லை. பாறைகூட இல்லை. பாறை வராத என் முதல் படம் என்று உள்ளூரப் பெருமை.

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடமாக அவள் என்னோடு பேசுவது பெரும்பாலும் மூடிய கதவு வழியாக. வெள்ளி மாலை அவளாகவே அரங்குக்கு வந்தாள். அத்தை படத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசையை இழுத்துப் போட்டாள். ஜாடியில் வெள்ளைப் பூக்கள் வைத்தாள். பக்கத்தில் பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி ஒன்று. இந்த நாட்டில் காலை ரொட்டிக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள், விருந்தாளி வந்தால் ஏற்றுவார்கள், மழை பெய்தாலும் ஏற்றுவார்கள். வா என்று சொல்வது அது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. படம் பிடித்தேன். 'என் வசந்தா அக்கா' என்று மட்டும் எழுதிக் குரூப்பில் போட்டேன். செல்பேசியின் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

இப்போது அதை வாயில் பிரஷ்ஷோடு நிற்கும் ஏழுமலையின் கண்ணால் பார்த்தேன். சட்டத்துக்குள் தனியாக ஒருத்தி. மூடிய கண். வெளுத்த முகம். வெள்ளைப் பூ. விளக்கு. கீழே தம்பி எழுதிய பெயர்.

இனியா இங்கே பிறந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தெருவில் பிறந்தவன். நானும் அதைப் பார்த்தேன். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். விளக்கும் பூவும் முழுசாக விழட்டும் என்று இரண்டடி பின்னால் போய் எடுத்தேன்.

அப்படியானால் அக்கா உயிரோடுதான் இருக்கிறாள் என்று புத்தி சொன்னது. வயிறு நம்பவில்லை. போன மாதம், "மூட்ட தூக்கினா நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குது" என்றாள். டாக்டரிடம் போனாயா என்று கேட்டதற்கு மெஷின் பெல்ட்டு அறுந்த கதையைச் சொன்னாள். ஊர் தவறாக நினைத்ததே உண்மையாகவும் இருந்துவிட்டால்? வரைந்து வைத்ததால்தான் போனாள் என்று ஆகிவிட்டால்? அக்காவின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. பிஸ்கட் டின்னுக்குள் அது ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

4

இனியா எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "அப்பா?" என்றாள். சொன்னேன். காட்டினேன். அவள் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் அழகுக்கு வச்சேன்," என்றாள்.

"தெரியும்மா."

"அத்தைக்கு வெல்கம் மாதிரி."

"தெரியும்."

காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், எழுந்து போகாமல் அவள் இருந்தாள். அவள் கிண்ணத்தில் பாலில் போட்ட ஓட்ஸ் ஊறி உப்பிக்கொண்டிருந்தது. செல்பேசி மேசையில் நடுங்கியது. ஏழுமலை, வீடியோ அழைப்பு.

முதலில் அவன் காது தெரிந்தது. பிறகு கூரைத் தகடு. மெஷினின் இரைச்சல் சமையலறையை நிரப்பியது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியதும், திரையில் ஒரு வெள்ளை முகம் வந்தது. கண்கள் திறந்திருந்தன.

"டேய் தம்பி, இன்னாடா இது? இவன் மாலையும் கையுமா வந்து நிக்கிறான். எலெக்சன்ல நிக்கிறியாடான்னு கேட்டா, என்ன பாத்து ஓன்னு அழுவுறான்."

"அக்கா, அவன்தான் படத்தப் போட்டு..." என்று ஏழுமலை மூக்கை உறிஞ்சினான்.

"நீ சும்மா இரு. தம்பி, சாப்டியா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இனியா செல்பேசியை எடுத்தாள்.

"அத்தை, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கறேன்டி கண்ணு. இப்பதான் கேவுறு அரைச்சினு இருந்தேன், இன்னும் மொளகாவுக்கே வரல. அதுக்குள்ள எங்க போறது?" பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். "பாத்தியா? செத்தவ தும்முவாளா?"

நாங்கள் சிரித்தோம். இனியா அழுதுகொண்டே சிரித்தாள். பூக்காரன் மாலையைத் திருப்பி எடுக்க மாட்டான் என்று அக்கா அதை மெஷினுக்குப் போட்டுவிட்டாளாம். "ஆயுத பூஜைக்கு அப்பறம் இப்பதான் அதுக்கு ஒரு மரியாத."

சிரிப்பு அடங்கியதும், "அந்தப் படத்த காட்டுடா" என்று ஏழுமலையிடம் கேட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் செல்பேசியை வாங்கினாள். பார்த்தாள். பகல் நேரத்தில் அந்த இடம் அத்தனை அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"நல்லாதான் வரைஞ்சிருக்கற," என்றாள். "நானேதான். ஆனா எனக்கே நான் செத்துட்ட மாதிரிதான் இருக்குது."

5

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

வல்லத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நலங்கு மாவும் மிளகாய்த்தூளும் அரைக்க மூட்டைகளை முந்தின நாளே இறக்கியிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியில் வந்து நின்றார். அவருக்கும் படம் போயிருந்தது. அதற்குள் யாரோ அதன்மேல் ஆடும் தீபத்தையும் 'கண்ணீர் அஞ்சலி'யையும் சேர்த்து அனுப்பிவிட்டிருந்தார்கள். அக்காவையும் பார்த்தார், மாலை போட்ட மெஷினையும் பார்த்தார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா," அவர் குரல் எனக்குக் கேட்டது. "நீ நல்லாதான் இருக்கற, கண்ணால பாக்கறேன். ஆனா மாலையும் படமுமா இருக்குது. நல்ல காரியம், அதான்."

மூட்டையை இழுக்கும் சத்தம் தரையில் தேய்ந்துபோயிற்று.

அக்கா நலம் என்று உடனே குரூப்பில் எழுதினேன். ஏழுமலை அக்காவோடு செல்ஃபி எடுத்துப் போட்டான். ஆனால் எழுத்து நடந்துதான் போகும். படம் அதற்கு முன்பே ஓடிப்போய்விட்டது.

"மூட்ட போனா போவுது. நாளைக்கே வருவான், எங்க போவான்?" என்றாள் அக்கா. பிறகு குரல் மாறியது. "நான் ஒன்னு கேக்கறேன். உன் பொண்டாட்டிய வரைஞ்ச, பக்கத்துல பொண்ணு இருக்குது. அந்தக் கெழவர வரைஞ்ச, பக்கத்துல நாய் இருக்குது. என்ன மட்டும் ஏன்டா தனியா நிக்க வச்ச?"

நீ தனியாகத்தானே இருக்கிறாய் என்பது வாய் வரை வந்து நின்றது. அவளுக்கு அது கேட்டுவிட்டது.

"தனியாதான் இருக்கறேன். எனக்குத் தெரியாதா? அத சட்டம் போட்டு நாலு பேரு பாக்கற மாதிரி மாட்டணுமா?"

அடையாளம் தெரியும்படி ஒருவரை வரைந்து மாட்டினால், அவருடைய ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்பது அந்த அரங்கின் விதி. மார்கழியில் அந்தத் தாளை அனுப்பியபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க ஊரு கவர்மெண்டு என்ன கேக்குது. நீ கேட்டியாடா?" அப்போது நானும் சிரித்தேன்.

"அந்தக் கையெழுத்த நான் வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லிடு," என்றாள் இப்போது. "பக்கத்துல யாராவது வந்தாதான் நான் அங்க நிப்பேன். வெளக்கு வைக்கறதுக்குள்ள எனக்குக் காட்டு. இல்லன்னா எறக்கிடு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. திரை அணைந்தது.

ஊரில் விளக்கு வைக்கும் நேரம் இங்கே மதியம் ஒன்றரை. பன்னிரண்டுக்குத் திறப்பு.

6

வண்ணங்களை எடுத்துக்கொண்டு நானும் இனியாவும் நூலகத்துக்கு ஓடினோம். பொறுப்பாளர் பிர்கிட்டேவிடம் படத்தில் சிறு மாற்றம் செய்யலாமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. படம் பட்டியலில் ஏறிவிட்டது, காப்பீடும் ஆகிவிட்டது. மாற்றுவதென்றால் நகராட்சிக்கு எழுத வேண்டும், பதில் வேலை நாட்களில்தான் வரும். சரி, வரையப்பட்டவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்றேன். மறுபேச்சில்லை. திருகாணிச் சாவியை எடுத்தார், படம் கீழே வந்துவிட்டது. மாட்ட மூன்று மாதம் கேட்ட நாட்டில் இறக்க ஒரு நிமிடம் போதும்.

ஏன் என்று கேட்டார். அரைகுறை டேனிஷில் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். மேசைக்கு ஓடிப்போய், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி மெழுகுவத்தியின் பொத்தானை அமுக்கி அணைத்தார். பிறகு ஊழியர்கள் காப்பி குடிக்கும் அறையைத் திறந்துவிட்டார்.

மேசைமேல் அக்காவைச் சாய்த்து வைத்தேன். தட்டில் வண்ணங்களைப் பிதுக்கினேன். வெள்ளை, பழுப்பு, மஞ்சள், சிவப்பு. யாரைப் போடுவது? நைனாவைப் போட்டால் இன்னும் மோசம். ஏழுமலையைப் போட்டால் மாலையோடு வருவான். என்னைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. நான் அவள் பக்கத்தில் நின்றதை என் கை நம்பவில்லை. தூரிகை நகர மறுத்தது. வெளியே கோட்டுகள் உதறப்படுவதும் கோப்பைகள் மோதுவதும் கேட்டன. பிர்கிட்டே வரவேற்றுப் பேசினார். நடுச்சுவர் ஏன் காலியாக இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. கடிகாரம் பன்னிரண்டே முக்காலைத் தாண்டியது.

"தாத்தா படத்துல உங்க விரல் இருக்கு இல்ல?" என்றாள் இனியா.

திரும்பிப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

"சின்ன வயசுல பயமா இருந்துச்சு. அப்புறம் பிடிச்சுது. முழு ஆள் வேணாம் அப்பா. ஒரு கை போதும்."

துணியில் விரல் அழுந்தினால் மடிப்பு எப்படி விழும் என்று நான் பார்க்க வேண்டும். "வந்து வை," என்றேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, என் தோளில் கை வைத்தாள். எதிரே இருந்த மைக்ரோவேவின் கறுப்புக் கண்ணாடியில் அது தெரிந்தது. நான்கு விரல்கள், நகங்களில் பச்சைப் பூச்சு. எடை அதிகம் இல்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அக்காவின் தோளில் அதை அவசரம் அவசரமாக வரைந்தேன். கை வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

ஒன்றேகால். பூ இல்லாமல், மெழுகுவத்தி இல்லாமல் படம் பிடித்தேன். குரூப்புக்கு இல்லை, அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன்.

காத்திருந்தோம். டின் மூடியிருக்குமோ? மிளகாய் ஓடிக்கொண்டிருக்குமோ? கதவைத் தட்டி, படம் திரும்ப வருகிறதா இல்லையா என்று பிர்கிட்டே சைகையில் கேட்டார். தெரியவில்லை என்று சைகையில் சொன்னேன்.

குரல் செய்தி வந்தது. பின்னால் மெஷின்.

"யாரு கைடா அது? நகமெல்லாம் பச்சையா இருக்குது?"

'இனியா கை' என்று எழுதினேன்.

பிறகு இன்னொன்று வந்தது. அதில் முதலில் மெஷின் மட்டும் ஓடியது. "அப்டியா," என்றாள். "ஏ கண்ணு, உன் கையாடி?" மறுபடி மெஷின். "தம்பி, கை நல்லா இருக்குது. ஆனா பொய்யா இருக்குது. என் தோள தொட்ட கையில மாவு ஒட்டாம எப்டிடா இருக்கும்? மாவ போடு. அப்பறம் மாட்டு."

இனியா அதை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். அவளுக்கு முழுதும் புரிந்துவிட்டது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தட்டில் வெள்ளைதான் முதலில் இருந்தது. நான் தூரிகையை எடுப்பதற்குள் அவள் நான்கு விரல்களையும் அதில் தோய்த்துவிட்டாள்.